நாச்சிமுத்து மாமாவின் டிஸ்க் பிரேக்

"எங்கண்ணன் பொய் சொல்ல மாட்டாரு, கொஞ்சம் இழுத்துச் சொல்லுவாரு." அம்மா தன் அண்ணனுக்குக் கொடுத்திருக்கும் நற்சான்று இது. எவ்வளவு இழுப்பார் என்று கேட்டால் பதில் வராது. சேந்தமங்கலத்தில் மாமா வீட்டுக் கிணற்றில் ஒரு தவளை இருந்தது. நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது அது உள்ளங்கை அகலம் என்றார். நான் கல்லூரி முடிப்பதற்குள் அது வளர்ந்து தண்ணீர் மோட்டாரையே விழுங்கிவிட்டது. மோட்டார் காணாமல் போனது என்னவோ உண்மை.

என் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்த நாச்சிமுத்து மாமா எங்கள் ராசிபுரம் வீட்டுக்கு வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என் பங்குக்கு எதையும் கூட்டவில்லை. கூட்டுவதற்கு அவர் இடம் வைக்கவில்லை.

அதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் சொந்தத்தில் கல்யாணப் பெண்ணை வீட்டிலிருந்து மண்டபத்துக்கு அழைத்துப் போவது தாய்மாமன் உரிமை. மாமாவிடம் அறுபத்தெட்டாம் வருட மாடல் அம்பாசடர் ஒன்று உண்டு. ஆறு வருடத்துக்கு முன் என் அக்காவை அதில்தான் அழைத்துப் போனார். மண்டபம் ஓர் இறக்கத்தின் நடுவில் இருக்கிறது. வாசலில் ஆரத்தித் தட்டோடு எல்லோரும் நின்றிருந்தார்கள். மாமா பிரேக்கை மிதித்தார். வண்டி அவர்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. பின் சீட்டில் அக்காவுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், அதனால் இது இழுத்துச் சொன்னது இல்லை. இறக்கம் முடிந்து மேடு தொடங்கும் இடத்தில் இன்னொரு மண்டபம், அதில் யார் வீட்டுக் காதுகுத்தோ நடந்துகொண்டிருந்தது. வண்டி அங்கே போய்த் தானாக நின்றது. பட்டும் நகையுமாக ஒரு பெண் இறங்குவதைப் பார்த்த அந்த வீட்டுப் பெண்கள், யார் எவர் என்று கேட்காமல் ஆரத்தி எடுத்துவிட்டார்கள். அக்கா நெற்றியில் பொட்டு வாங்கிக்கொண்டு, மேட்டில் நடந்தே திரும்பி வந்து தாலி கட்டிக்கொண்டாள்.

அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டாள். "இன்னொரு பொண்ண அந்த வண்டியில நான் ஏத்த மாட்டேன்."

அதனால் அதே மண்டபத்தில் நடக்கும் என் கல்யாணத்துக்கு அப்பா ஒரு ஏசி காரைச் சொல்லி வைத்துவிட்டார். இது மாமா காதுக்குப் போனது மூன்று மாதத்துக்கு முன்னால். அன்றிலிருந்து அவர் தன் வண்டியின் பழைய ட்ரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு, கடைசியாக வந்த மாடல் அம்பாசடரின் டிஸ்க் பிரேக்கை மாட்டும் வேலையில் இறங்கினார். வியாழக்கிழமை நான் எந்த வண்டியில் போவது என்பதை முடிவு பண்ணத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாமா வண்டி என்றுதான் சொல்லியிருப்பேன். என் முதல் சைக்கிள் அந்த வண்டியின் டிக்கியில்தான் வந்தது. எனக்கு வேலை கிடைத்த அன்று அந்த வண்டியில்தான் நாமக்கல் முழுக்கச் சுற்றினோம், மிதித்தால் நிற்காது என்று தெரிந்தும்.

கூடத்தில் நாங்கள் தாம்பூலப் பைகளுக்குத் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தோம். நாங்கள் என்றால் அம்மா, நான், அப்பா, அப்புறம் செல்லப்பன் சித்தப்பா. அப்பா அர்த்தனாரி கொல்லிமலை பஸ்ஸை இருபத்திரண்டு வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். செல்லப்பன் சித்தப்பா அதே பஸ்ஸின் கண்டக்டர். சொந்தம் கிடையாது, ஆனால் இருபத்திரண்டு வருடம் ஒரே பஸ்ஸில் போனவர்களைச் சொந்தம் இல்லை என்று யார் சொல்வது.

மாமா வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"வண்டி எங்கண்ணா?"

"முக்குல நிறுத்தியிருக்கேன் வசந்தா. உள்ள கொண்டாந்தா பந்தல்கால்ல உரசும்."

அப்பா கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார். "அப்படியே வாங்க மச்சான், போயிப் பாத்துட்டு வந்துரலாம்."

"உக்காருங்க மாப்ள. வண்டி எங்க ஓடிப் போகுது? அதை மாட்டுன கதைய மொதல்ல கேளுங்க." மாமா தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "ஈரோட்டுல ஒரு பழைய சாமான் கடைங்க. கடைசி மாடல் அம்பாசடரு ஒண்ணு, பின்னாடி லாரி இடிச்சு நசுங்கிக் கெடந்துச்சு. முன்பக்கம் ஒரு கீறல் இல்ல. டிஸ்க்கு, அதைக் கவ்விப் புடிக்கற காலிப்பர், ஓசு பைப்பு, சிலிண்டரு, அத்தனையும் சாக்குல கட்டித் தூக்கிட்டு வந்துட்டேன். என்ற வண்டிக்கும் அதுக்கும் நாப்பத்தஞ்சு வருச வித்தியாசம். சேருமான்னு எல்லாரும் கேட்டாங்க. நான் பக்கத்துல கொண்டு போயி வச்சேன், அவ்வளவுதான். அதுவா ஏறி உக்காந்துருச்சு. முடுக்கறதுக்கு ஸ்பேனரத் தேடி எடுத்துட்டு வந்து பாக்கறேன், போல்ட்டு முடுக்கியிருக்குது."

"யாரு முடுக்குனது?" என்றார் செல்லப்பன் சித்தப்பா.

"அதுதானுங்க எனக்கும் தெரியல."

டிக்கெட் எடுத்ததாகச் சொல்லும் ஆளைப் பார்க்கும் பார்வை ஒன்று சித்தப்பாவிடம் இருக்கிறது. அதை மாமா மேல் ஒருமுறை ஓட்டிவிட்டு அடுத்த பைக்குப் போனார்.

"மொத ஓட்டத்துக்கு எடுத்தேன்," மாமா தொடர்ந்தார். "நாமக்கல் ரோட்டுல எழுவதுல போறேன். சும்மா தொட்டுப் பாப்பம்னு கட்டை விரலால பிரேக்கத் தொட்டேன். வண்டி நின்னுபோச்சு. சாயங்கால வெயிலு, நெழலு முன்னாடி விழுந்திருந்துச்சு. அதுக்கு இந்தச் சங்கதி தெரியல பாருங்க, அது பாட்டுக்குப் பத்தடி முன்னால போயிருச்சு. அப்பறம் வண்டியக் காணமேன்னு திரும்பி வந்து டயருக்கு அடியில ஒட்டிக்கிச்சு."

"ஒடம்புல எங்கயும் அடிபடலயே உங்களுக்கு?" என்று அம்மா கேட்டாள். அம்மா இழுப்பை நம்பவில்லை. ஆனால் அண்ணன் சட்டென்று நின்றார் என்றால் அவளுக்கு அடிதான் முதலில் ஞாபகம் வரும்.

"எனக்கென்ன, பூவாட்டம் உக்காந்திருந்தேன்."

"ரொம்ப நல்ல பிரேக்காத் தெரியுது. வாங்க, பாத்துரலாம்." அப்பா எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

மாமா அப்பாவின் வேட்டி நுனியைப் பிடித்து உட்கார வைத்தார். "முட்டைக் கதைய விட்டுட்டு எங்க கெளம்பறீங்க?"

மாமாவுக்கு முட்டை வியாபாரம். எங்கள் மாவட்டத்தில் முட்டையைச் சேர்க்காமல் ஒரு பெரிய பொய்யும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

"பின் சீட்டு, டிக்கி, மேல கேரியரு, அங்கங்க அடுக்கி மொத்தம் மூவாயிரம் முட்டை. புதன்சந்தை தாண்டி வரேன், குறுக்க ஒரு எருமை. மிதிச்சேன். எருமைக்கும் பம்பருக்கும் நடுவுல ஒரு விரக்கடை. எறங்கி முட்டையப் பாத்தா ஒண்ணுகூட விரிசல் உடல. சரின்னு கடைக்காரங்களுக்குப் போட்டுட்டு வந்துட்டேன். மறுநாள் ஒருத்தர் விடாம போன் பண்றாங்க. என்னங்கண்ணா, அவிச்ச முட்டையில எல்லாம் மஞ்சக்கரு ஒரே ஓரத்துல ஒதுங்கிக் கெடக்குதுன்னு."

"ஏன்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வண்டி நின்னுபோச்சு அம்மணி, முட்டை ஓடும் நின்னுபோச்சு. உள்ள இருக்கற மஞ்சக்கருவுக்கு யாரு சொல்றது? அது முன்னாடி போயி முட்டிக்கிச்சு. உன்ற அத்தையே பாதி ஆம்லெட்டு வெள்ளையா, பாதி மஞ்சளாத்தான் ஊத்துனா."

"அண்ணிகிட்டயே கேட்டுடறேன்." அம்மா போனை எடுத்தாள்.

"அவ போனு சார்ஜ்ல இருக்குது."

"சார்ஜ்ல இருந்தாலும் அடிக்கும்."

"சார்ஜர் வயரு ரொம்பக் குட்டை வசந்தா. எடுத்துப் பேசறதுக்கு அவ குனியோணும். அவளுக்கு இடுப்பு வலி." மாமா அம்மா கையிலிருந்து போனைப் பிடுங்கவில்லை, மெதுவாகத் திருப்பித் தரையில் கவிழ்த்து வைத்தார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு தேங்காய்க் குடுமியைப் பிய்த்தாள். அப்போதுதான் கவனித்தேன், மாமா ஒவ்வொரு தடவை அப்பா எழுந்திருக்கும்போதும் ஒரு படி மேலே ஏறுகிறார்.

அப்பாவும் கவனித்திருக்க வேண்டும். "பூசை போட்டீங்களா வண்டிக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டுக்கொண்டே பாதி எழுந்தார்.

"போடாம இருப்பனா? நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சேன். எல்லாரும் என்ன பண்ணுவாங்க, ஏத்தி நசுக்கிட்டுப் போவாங்க. நான் பழத்து மேல ஏறுனதும் மிதிச்சு, பழத்து மேலயே நிறுத்திப்புட்டேன். சாறு மட்டும் கீழ எறங்குச்சு. தோல் கிழியல, கொட்டை நசுங்கல. சாமி கும்புட வந்தவங்க அத்தனை பேரும் அவங்கவங்க வீட்டுப் பழத்தக் கொண்டாந்து வச்சாங்க. நானும் ஏறி எறங்கி, ஏறி எறங்கி, அன்னிக்குத் தெருவுக்கே ஜூசு."

"சக்கரை?" என்றார் சித்தப்பா.

"அது அவங்கவங்க போட்டுக்கிட்டாங்க."

அப்பா இந்த முறை முழுதாக எழுந்து, செருப்பையும் மாட்டிவிட்டார். "கதையெல்லாம் இருக்கட்டும் மச்சான். வியாழக்கெழமைக்கு நாலு நாள்தான் இருக்குது. நான் கண்ணால பாக்காம என்ற பொண்ண ஏத்த மாட்டேன். முக்கு வரைக்கும் வாங்க."

மாமாவின் முகம் ஒரு நொடி வாடியது. எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு அவர் தொண்டையைச் செருமினார். கொல்லிமலையை எடுக்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது.

"மாப்ள, நீங்க ஓட்டுன ரூட்டுலயே ஓட்டிப் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

அப்பா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. அதைப் பற்றி யார் பேசினாலும் அப்பாவால் நடந்து போக முடியாது.

"மேல செம்மேட்டுல இருந்து எறங்கறேன். நாப்பத்தெட்டாவது வளைவு. எனக்குப் பின்னாடி நம்ம மலை பஸ்ஸு, அதுக்குப் பின்னாடி ஒரு பலாப்பழ லாரி. வளைவுல திரும்புனா நடு ரோட்டுல ஒரு கொரங்குக் கூட்டம், குட்டிங்களோட. மிதிச்சேன். என்ற வண்டி நின்னுச்சு. பின்னாடி பஸ்ஸும் நின்னுச்சு. லாரியும் நின்னுச்சு. டிரைவருங்க ரெண்டு பேரும் எறங்கி வந்து கேக்கறாங்க, நாங்க பிரேக்கத் தொடவே இல்லீங்களே, எப்படி நின்னுச்சுன்னு."

"எப்படி நின்னுச்சு?" அப்பா உள்ளே ஓர் அடி வைத்துவிட்டார்.

"பிரேக்குன்னா அது பக்கத்துல இருக்கற வண்டிக்கும் சேத்துப் புடிக்கோணும் மாப்ள. அது மட்டும்னா பரவால்ல. பானெட்டு மேல ரெண்டு கொரங்கு முன்னமே ஏறி உக்காந்திருந்துச்சு, நான் பாக்கல. வண்டி நின்ன வேகத்துல அது ரெண்டும் கெளம்பிருச்சு. அன்னிக்குச் சனிக்கெழமை. மலைக்குக் கீழ பேளுக்குறிச்சிச் சந்தையில, மொளகு விக்கற அம்மா கடையில போயி எறங்குச்சாம். அந்தம்மா இன்னிக்கும் சொல்லும், மேல இருந்து வந்த கொரங்குன்னு."

"எந்த அம்மா?" என்றார் சித்தப்பா. "அந்தச் சந்தையில எல்லாரும் நம்ம பஸ்ஸுல வந்தவங்கதான்."

"மூக்குத்தி போட்ட அம்மா."

"எல்லாரும் போட்டிருப்பாங்க."

"அதுல ஒருத்தரு," என்றார் மாமா. "அத விடுங்க கண்டக்டரு. நான் மிதிச்ச அதே நேரம் மேல ஆகாய கங்கை அருவி இருக்குது பாருங்க, அது விழுந்துட்டிருந்த பாதியில நின்னுபோச்சு. குளிச்சுக்கிட்டிருந்தவங்க எல்லாம் சோப்புத் தலையோட அண்ணாந்து பாத்துட்டு நிக்கறாங்க. நான் பிரேக்குல இருந்து கால எடுத்த பொறவுதான் தண்ணி மறுபடி எறங்குச்சு."

கூடத்தில் சிரிப்பு அடங்க நேரமானது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் வேறு எதையோ பிடித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அவ்வளவு பிரேக் புடிச்சு எறங்குனா சக்கரம் சூடாகியிருக்குமே?"

"சூடா?" மாமாவுக்கு ஏணி கிடைத்துவிட்டது. "சேந்தமங்கலம் கடைவீதி வரைக்கும் போயிட்டு வந்தாலே டிஸ்க்கு மேல தோசை ஊத்தலாம். ஊத்துனோம். நாலு தோசை, முறுவலா."

"மலை எறங்காமயே? சமதரையிலயே?"

"சமதரையிலயேதான்."

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். அதுவரை இல்லாத கவனம் அவர் முகத்தில் இருந்தது. மாமா அதைத் தான் ஜெயித்ததாக எடுத்துக்கொண்டார். ஜெயித்தவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் வாய்க்கு டிஸ்க்கும் கிடையாது, ட்ரம்மும் கிடையாது.

"இதையெல்லாம் விட ஒண்ணு சொல்றேன், கேளுங்க. முந்தாநாள் சாயங்காலம் அஞ்சு பத்து. நம்ம வீட்டு முக்குல கொண்டாந்து நிறுத்தறதுக்கு மிதிச்சேன். முழுசா மிதிச்சது அன்னிக்குத்தான் மொதத் தடவை. வண்டி நின்னுச்சு, காத்து நின்னுச்சு, அடுத்த வீட்டுச் சேவல் கூவிட்டிருந்தது கொக்கரக்கோன்னு முடிக்காம கொக்கரன்னு நின்னுச்சு. எல்லாம் அப்பறம் கெளம்பிருச்சு. ஒண்ணு மட்டும் கெளம்பல. என்ற வாட்ச்சு. அஞ்சு பத்துல நின்னது இன்னும் நின்னுட்டே இருக்குது. நம்பாட்டி இந்தா, பாத்துக்கங்க."

சாவி கொடுக்கும் பழைய வாட்ச் அது. இடது கையை நீட்டி, செல்லப்பன் சித்தப்பாவின் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

சித்தப்பா மணிக்கட்டைப் பிடித்தார். மணி பார்க்கவில்லை. வாட்ச் பட்டைக்கும் கைக்கும் நடுவில் நாலாக மடித்துச் செருகியிருந்த ஒரு காகிதத்தை, இரண்டு விரலால் உருவினார். பிரித்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடவில்லை, அந்த அளவு எழுத்து அவருக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும்.

"சேந்தமங்கலம் டு ராசிபுரம். இன்னைய தேதி. காலை எட்டு நாப்பது. பெரியவர் ஒண்ணு." திருப்பிப் பார்த்தார். "லக்கேஜ் இல்ல."

ஒரு தேங்காய் குவியலிலிருந்து உருண்டு போய் சுவரில் முட்டியது. மாமா நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. அம்மா அவரையே பார்த்தாள். அவளுக்குக் கோபம் இல்லை, அதுதான் மோசம். அண்ணன் கையால் மகளை அனுப்ப வேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருந்திருக்கிறது, இந்த ஒரு மணி நேரமாக அதை வளர விட்டிருக்கிறாள்.

"வண்டி முக்குல நிக்குதுன்னீங்களேண்ணா," என்றாள்.

"முக்குலதான் வசந்தா நிக்குது." மாமா மெதுவாகக் கையை மடக்கிக்கொண்டார். "எங்க ஊரு முக்குல."

"ஏன் கொண்டாரல?"

மாமா ஒருமுறை எல்லோரையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதான சொல்லிட்டிருக்கேன், அது அப்பேர்ப்பட்ட பிரேக்குன்னு. முந்தாநாள் மிதிச்சது. இன்னும் விடல."

முதலில் சிரித்தது அப்பா. கொல்லிமலை டிரைவர் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. சித்தப்பா டிக்கெட்டை மடித்து மாமாவின் சட்டைப் பையில் வைத்து, பையைத் தட்டிக் கொடுத்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அன்று காலையிலிருந்து அவர் சொன்னதில் அது ஒன்றுதான் கலப்படம் இல்லாத உண்மை, அதற்குப் போய் சிரிக்கிறார்களே என்று அவர் முகம் சொன்னது.

"தள்ளிப் பாத்தீங்களா?" அப்பா கேட்டார்.

"ஏழு பேரு தள்ளுனோம். டயரு தேயுது, சக்கரம் சுத்தல."

"மாஸ்டர் சிலிண்டர் எது போட்டிருக்கீங்க?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "பழசுதான்."

அப்பா தொடையில் தட்டினார். எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து விளக்கம் சொன்னார். பிரேக்கை மிதித்தால் எண்ணெயை அழுத்தி நாலு சக்கரத்துக்கும் அனுப்புவது மாஸ்டர் சிலிண்டர். ட்ரம் பிரேக் காலத்துச் சிலிண்டர், காலை எடுத்த பிறகும் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ட்ரம்முக்கு அது வேண்டும். டிஸ்க்குக்கு ஆகாது. டிஸ்க் உரசிக்கொண்டே ஓடும், சூடாகும், எண்ணெய் விரியும், கடைசியில் ஒரு மிதியில் கவ்வினால் விடாது.

"தோசைன்னு சொன்னப்பவே எனக்குப் பட்டுது," என்றார். "அந்தக் கடைசி மாடல் வண்டியோட சிலிண்டரு சாக்குல வந்துச்சுன்னு சொன்னீங்களே?"

"வந்துச்சு. சாக்குலயே கெடக்குது."

"மூணு மாசமா அத்தனையும் மாத்துனவரு அதை மட்டும் ஏன் மச்சான் மாத்தல?"

வாயில் சட்டென்று வார்த்தை வராத மாமாவை நான் முதல் தடவை பார்க்கிறேன்.

"வருசா வருசம் ஆயுத பூசைக்கு நான் பொட்டு வைக்கறது அதுக்குத்தான் மாப்ள. சந்தனம், குங்குமம், ஒண்ணு மேல ஒண்ணு. சாமியாட்டம் இருக்குது. பொட்டு வச்ச சாமான் மேல எப்படிங்க ஸ்பேனர வைக்கறது? கை வரல."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா கொல்லிமலை பஸ்ஸின் ஸ்டியரிங்குக்கு இருபத்திரண்டு வருடம் பொட்டு வைத்தவர். பஸ்ஸை விட்டு இறங்கிய அன்று அதைத் துடைக்காமல் வந்தவர்.

"கழட்டிப் பூசை அலமாரியில வச்சுடலாம்," என்றார் அப்பா. "புதுசுக்குப் பொட்டு வச்சா அதுவும் சாமிதான். கெளம்புங்க, பதினொண்ணு இருவது பஸ் இருக்குது."

அம்மா குறுக்கே வந்தாள். "ரெண்டு பேரும் சேந்து என்னமோ பண்ணுங்க. ஆனா மொதல்ல நான் ஏறிப் பாப்பேன். அந்த எறக்கத்துல."

"நான் மாமா வண்டியிலதான் வருவேன்," என்றேன். நான் பேசுவேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "நிக்கலைன்னா இன்னொரு ஆரத்தி வாங்கிக்கறேன்." மாமா என்னைப் பார்த்த பார்வைக்கு நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் மேட்டில் நடந்து வருவேன்.

திங்கட்கிழமை மத்தியானம் எங்கள் தெருவில் அந்த வண்டியின் ஹாரன் கேட்டது. அம்மா நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள், முன் சீட்டில் ஏறினாள், கண்ணை மூடிக்கொண்டாள். மாமா ஏறி நசுக்கிக் கிளம்பினார். செல்லப்பன் சித்தப்பா குனிந்து ஒரு பழத்தை எடுத்துப் பார்த்து, "தோல் கிழிஞ்சிருக்குது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்த அம்மா இறங்கினாள். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னாள். "அந்த ஏசி வண்டிய மாப்ள வீட்டுக்காரங்களுக்கு அனுப்பிருங்க."

வியாழக்கிழமை காலையில் மாமா பட்டு வேட்டி கட்டி வண்டி ஓட்டினார். பக்கத்தில் அப்பா, ஒரு கையை ஹேண்ட் பிரேக் மேல் வைத்தபடி. நானும் அக்காவும் பின்னால், ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு. இறக்கம் வந்தது. மாமா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. மண்டப வாசலில் வாழைமரம் தெரிந்ததும் மிதித்தார். வண்டி ஆரத்தித் தட்டுக்கு நேராக நின்றது. காலை எடுத்தார், பிரேக் விட்டது. திரும்பி என்னைப் பார்த்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"பயந்துட்டேன் அம்மணி," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

செல்லப்பன் சித்தப்பா வந்து கதவைத் திறந்து, "மண்டபம் எறங்கறவங்க எல்லாம் எறங்குங்க," என்றார். இறங்கினேன்.

தாலி கட்டி முடித்து, பந்தியில் இரண்டாம் தடவை ரசம் வருவதற்குள் மாமா பழையபடி ஆகிவிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் எட்டுப் பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். "வாசல்ல மிதிச்சேன் பாருங்க, உள்ள நாயனக்காரர் ஊதிட்டிருந்த சத்தம் குழாய்க்குள்ளயே திரும்பப் போயிருச்சு. முகூர்த்த நேரமே சித்த நின்னு, பொண்ணு எறங்குன பொறவுதானுங்க நகந்துச்சு."

என் மாமனார் விவரமானவர். இலையை மூடிவிட்டு நிதானமாகக் கேட்டார். "அவ்வளவு நல்லாப் புடிக்குதா? யாருங்க மாட்டிக் குடுத்தது?"

மாமா எதிர்ப் பந்தியில் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"மாட்டுனது எங்க மாப்ளதானுங்க," என்றார். "பொட்டு வச்சது நானு."